சூரியன்-பூமி-நிலா மாடல் வாங்கப் போறீங்களா? மொதல்ல அந்தச் சாய்வு எந்தப் பக்கம் பார்க்குதுனு பாருங்க

சூரியனைச் சுத்தி பூமி, பூமியைச் சுத்தி நிலா, கையால தள்ளிச் சுத்துற மாடல் ஒண்ணு ஆன்லைன்ல நிறைய வருது, பார்த்திருப்பீங்க. நடுவுல சூரியனுக்கு ஒரு எல்இடி பல்ப், அதுல இருந்து ஒரு ஆர்ம் நீண்டு போய் முனையில சாஞ்ச மாதிரி சின்னதா ஒரு பூமி உருண்டை, பக்கத்துலயே வளைஞ்ச கம்பியில நிலா, கீழ மாசம் பேர் அச்சடிச்ச வட்டத்தட்டு. நான் திருச்சியில வீட்டுலயே டியூஷன் எடுக்குறேன், ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பசங்க வருவாங்க, பருவகாலம் ஏன் மாறுதுங்கற பாடம் வந்தாலே எல்லா முகத்துலயும் ஒரே குழப்பம், போர்டுல எவ்வளவு வரைஞ்சாலும் ஏறாது, அதுக்காகவே இதை வாங்குனேன். 1,800 ரூபாய் சொச்சம் ஆச்சு. கம்பெனி பேர் போடல, ஏன்னா இதே அச்சுல வார்த்த மாதிரி நாலஞ்சு பேர்ல வேற வேற விலைக்கு விக்கறாங்க, பேரைச் சொல்றதை விட எதைப் பார்த்து வாங்கணும்னு சொன்னாத்தான் உங்களுக்கு உபயோகம்.

பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். பூமி சாஞ்சிருக்கானு பார்த்துத் திருப்தி ஆயிடாதீங்க, எல்லா மாடல்லயும் சாஞ்சுதான் இருக்கும். ஆர்மை சூரியனைச் சுத்தி மெதுவா ஒரு முழு ரவுண்டு தள்ளுங்க. தள்ளும்போது பூமியோட வடதுருவ முனை ஆரம்பத்துல எந்தச் சுவரைப் பார்த்துச்சோ, கடைசி வரைக்கும் அதே சுவரைப் பார்க்கணும். அப்படி இருந்தா அது பருவகாலத்தைக் காட்டுற மாடல். ஆர்ம் திரும்பத் திரும்ப முனையும் கூடவே திரும்பி, எப்பவும் பல்ப் பக்கமே சாஞ்சிருந்தா அந்த மாடலை வாங்காதீங்க, ஏற்கனவே வந்துருச்சுன்னா ரிட்டர்ன் போட்டுருங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பாடமே அதுலதான் இருக்கு. பூமியோட அச்சு 23.4 டிகிரி சாஞ்சிருக்கு, அந்தச் சாய்வு வருஷம் பூரா வானத்துல ஒரே திசையைத்தான் பார்க்குது, துருவ நட்சத்திரம் இருக்குற பக்கம். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது அதே சாய்வு சூரியனை நோக்கி அமையுது, ஆறு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் போயிட்டா அதே சாய்வு சூரியனுக்கு முதுகு காட்டுது. சாய்வு மாறவே இல்ல, நாம நிக்கிற இடம்தான் மாறிடுச்சு. ஜூன்ல வடபாதிக்கு வெயில் அதிகம், டிசம்பர்ல தென்பாதிக்கு. ஆர்மோட சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கின மாடல்ல வடதுருவம் பன்னெண்டு மாசமும் சூரியனையே பார்த்துட்டு இருக்கும், அதாவது வடக்குல எப்பவும் கோடை, தெற்குல எப்பவும் குளிர், பருவமே கிடையாது. தெரிஞ்சவங்க வீட்டுல குழந்தைக்கு வாங்கிக் குடுத்திருந்த மாடல் அப்படித்தான் இருந்துச்சு, அட்டைப்பெட்டி மேல பருவகாலம் கத்துக்கலாம்னு பெருசா போட்டிருக்கு, உள்ள இருக்குற சாமான் பருவகாலமே வராதுங்கறதைக் காட்டுது. அதை வச்சுப் படிக்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும் சொல்லுங்க, புரியலைன்னா தனக்குத்தான் மண்டையில ஏறலைன்னு நினைச்சுக்கும். எனக்கு அதை நினைச்சாத்தான் ஆத்தாமையா இருக்கு.

கடையில வாங்குனா அங்கயே சுத்திப் பார்த்துடலாம். ஆன்லைன்னா விக்கறவங்க போட்டிருக்குற வீடியோவை ரெண்டு இடத்துல நிறுத்திப் பாருங்க, ஆர்ம் வலப்பக்கம் இருக்கும்போது ஒண்ணு, இடப்பக்கம் வந்ததும் ஒண்ணு. ரெண்டு படத்துலயும் வடதுருவம் ஒரே பக்கம் சாஞ்சிருந்தா சரி.

என்னோடது இந்த டெஸ்ட்ல பாஸ். எப்படிப் பண்ணியிருக்காங்கனு அடி மூடியைக் கழட்டிப் பசங்களுக்கும் காட்டுனேன். சூரியனுக்கு அடியில ஒரு சக்கரம், ஸ்டாண்டோட ஒட்டி இருக்கு, சுத்தாது. பூமிக்கு அடியில அச்சு அசலா அதே சைஸ்ல இன்னொரு சக்கரம். ரெண்டையும் சுத்தி ஒரு கருப்பு ரப்பர் பெல்ட். ஆர்மை நாம ஒரு பக்கம் திருப்புனா பெல்ட் பூமி சக்கரத்தை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி விட்டுருது, கூட்டிக் கழிச்சா ரூமை வச்சுப் பார்க்கும்போது பூமி திரும்பவே இல்ல. ரெண்டு சக்கரமும் ஒரே சைஸா இருக்கறதுதான் இதுல சூட்சுமம், கொஞ்சம் பெருசு சின்னதா இருந்தாக்கூட ஒரு ரவுண்டு முடியறதுக்குள்ள அச்சு விலகிடும். எட்டாவது படிக்கிற ஒரு பையன் அந்தப் பெல்ட்டை விரலால தள்ளித் தள்ளி அரை மணி நேரம் பார்த்துட்டு இருந்தான், வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகல. அந்த அரை மணி நேரத்துக்கே குடுத்த காசு தகும்னு எனக்குத் தோணுச்சு.

அடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்குற அந்த நினைப்பு, பெரியவங்க நிறைய பேருக்கும் இருக்கு, சூரியனுக்குக் கிட்டப் போனா கோடை, தள்ளிப் போனா குளிர்னு. கேட்டா நியாயமாத்தான் படும். ஆனா நிஜத்துல பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துல, அதாவது நம்ம மார்கழியில, பனியில நின்னு கோலம் போடுற நேரத்துல. அப்போ தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. ரொம்பத் தள்ளி இருக்கறது ஜூலை முதல் வாரம், ஆனி மாசம், சுமார் 15 கோடியே 21 லட்சம் கி.மீ. வித்தியாசம் 50 லட்சம் கி.மீ. கேக்க பெருசா இருந்தாலும் மொத்தத்துல 3 சதவீதம்தான். வெளிச்சக் கணக்குல ஜனவரியில சுமார் 7 சதவீதம் கூடுதலாக் கிடைக்குது, ஆனாலும் உலகம் முழுக்கச் சேர்த்து சராசரி எடுத்தா ஜூலைதான் சூடு, ஏன்னா நிலம் பெரும்பாலும் வடபாதியில இருக்கு, நிலம் சட்டுனு சூடாகும், தெற்குல இருக்குற அவ்வளவு கடலும் மெதுவாத்தான் சூடாகும். "கிட்ட இருந்தா சூடாத்தானே மிஸ் இருக்கணும்"னு கேட்ட பொண்ணுகிட்ட, அப்போ ஆஸ்திரேலியாவுல கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஏன் வெயில் கொளுத்துதுனு கேட்டேன், பூமி மொத்தமாத்தானே கிட்டப் போகுது, பாதி பூமி மட்டும் போகலையேன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அவளே எழுந்து போய் ஆர்மை டிசம்பர்ல நிறுத்தி, தெற்குப் பக்கம் பல்ப்பைப் பார்த்துட்டு இருக்குனு தொட்டுக் காட்டுனா. சொல்லிக் குடுக்கறதுல இதைவிட வேற என்ன சந்தோஷம் இருக்கு.

இந்தத் தப்பு நினைப்பு எங்க இருந்து வருதுன்னா, படங்கள்ல இருந்துதான். பூமி போற பாதையைப் பக்கவாட்டுல இருந்து பார்க்குற மாதிரி வரையறதால அது நீள முட்டையா தெரியுது, பார்க்குற பிள்ளை, ஓ ரெண்டு ஓரத்துல தள்ளிப் போகுது போலன்னு எடுத்துக்குது. உண்மையில அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம்தான். 20 செ.மீ. அகலத்துக்கு அதை வரைஞ்சா நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடி தடிமன் கூட வராது, சூரியன் நடுவுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் கூட தள்ளி இருக்காது. இந்த மாடல்ல ஆர்ம் சரியான வட்டத்துல சுத்துது, தூரம் மாறவே மாறாது, அதை ஒரு குறையா சில பேர் சொல்வாங்க, எனக்கு அது நல்லதாத்தான் படுது, தூரம் மாறாமலே பருவம் மாறுதுனு பசங்க கண்ணால பார்த்துடறாங்க. இன்னும் உறுதியா புரியணும்னா ஒரு தெர்மாகோல் உருண்டையில நேரா ஒரு கம்பியைக் குத்தி பூமிக்குப் பதிலா வச்சுச் சுத்துங்க, சாய்வே இல்லாம. எந்த மாசத்துல நிறுத்துனாலும் வெளிச்சம் ஒரே மாதிரி விழும், எதுவுமே மாறாது. அப்புறம் சாஞ்ச உருண்டையை வச்சுச் சுத்துங்க. ரெண்டையும் அடுத்தடுத்து பார்த்த பிள்ளைக்கு அப்புறம் விளக்கமே வேண்டாம்.

இப்போ நம்ம ஊருக்கு வர்றேன், ஏன்னா மாடலோட பெரிய குறையும் இங்கதான் இருக்கு. அடித்தட்டுல ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், வின்டர்னு நாலு பருவம் அச்சடிச்சிருக்காங்க. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அது சரி. திருச்சியில ஜூன் 21 அன்னிக்கு சம்மர் ஆரம்பம்னு போட்டிருந்தா பிள்ளைங்க சிரிக்காம என்ன செய்யும், கத்திரியே முடிஞ்சு போயிருக்குமே. நான் அந்த எழுத்து மேல வெள்ளைத்தாள் ஒட்டி நம்ம மாசத்தையும் ஆறு பெரும்பொழுதையும் எழுதிட்டேன். ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில். தமிழ் பாடத்துல மனப்பாடம் பண்ணுனது இங்க அறிவியல் தட்டுல வந்து உக்காந்ததும் பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

நம்ம ஊர் கடகரேகைக்குத் தெற்க இருக்கறதால வருஷத்துல ரெண்டு தடவை சூரியன் சரியா தலைக்கு மேல வரும், திருச்சிக்கு ஏப்ரல் 18 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் 24, 25 வாக்குல இன்னொண்ணு. மதியம் 12.15 சுமாருக்கு மொட்டை மாடியில ஒரு குழாயை நேரா நிக்க வச்சா நிழலே இருக்காது, அடியிலயே மறைஞ்சிடும். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்குல, கன்னியாகுமரிக்கு இன்னும் முன்னாடி ஏப்ரல் 10, 11லயே. இதை மாடல்ல காட்டறதுக்கு உருண்டையில திருச்சி இருக்குற இடத்துல ஒரு குண்டூசியை நட்டு வச்சேன் (உருண்டை பிளாஸ்டிக்தான், சூடு பண்ணின ஊசி இறங்குது). ஆர்மை ஏப்ரல் நடுவுல வச்சு விரலால பூமியைத் திருப்பி குண்டூசியை பல்ப்புக்கு நேரா கொண்டு வந்தா அதோட நிழல் காணாமப் போகுது. அப்படியே ஜூனுக்குத் தள்ளுனா நிழல் தெற்குப் பக்கம் விழுது. டிசம்பருக்குக் கொண்டு போனா வடக்குப் பக்கம் நீளமா விழுது. நிஜத்துலயும் அப்படித்தான், ஒரு மீட்டர் குச்சிக்கு ஜூன் 21 மதியம் திருச்சியில 22 செ.மீ. நிழல் தெற்குப் பக்கம், டிசம்பர் 21 மதியம் 68 செ.மீ. வடக்குப் பக்கம். எங்க வீட்டு அடுப்படி ஜன்னல் வடக்குப் பார்த்தது, வருஷத்துல பாதி நாள் அதுல வெயிலே விழாது, மே, ஜூன், ஜூலையில மட்டும் மதியத்துலயும் ஒரு விரக்கடை அகலத்துக்கு வெயில் கோடு வந்து ஜன்னல் திட்டுல இருக்குற புளி டப்பா மேல நிக்கும். அந்த மூணு மாசமும் டியூஷன் பசங்க அடுப்படிக்குள்ள வந்து பார்த்துட்டுப் போவாங்க.

அப்போ ஏப்ரல்லயே தலைக்கு மேல வந்துருதே, கத்திரி ஏன் மே 4ல இருந்து 28 வரைக்கும்னு அடுத்த கேள்வி வரும், வரணும். நிலம் சூடேறிச் சேர்ந்துக்க நேரம் எடுக்கும், மதியம் 12 மணிக்கு வெயில் உச்சியில இருந்தாலும் வெக்கை தாங்க முடியாம இருக்கறது 2, 3 மணிக்குத்தானே, அதே கணக்குதான் மாசத்துலயும். தவிர மே முழுக்கவும் சூரியன் நம்ம உச்சியை விட்டு ரொம்பத் தள்ளிப் போறதில்ல. அதுக்கப்புறம் ஜூன்ல வடக்க அவ்வளவு பெரிய நிலப்பரப்பு கொதிச்சுக் கிடக்கும், கடல்ல இருந்து காத்து அதை நோக்கிக் கிளம்பும், அதுதான் தென்மேற்குப் பருவக்காத்து. அது கேரளா பக்கம் மலையில மோதி மழையை அங்கயே கொட்டிட்டு நம்ம பக்கம் வெறும் காத்தா வரும், ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது அதைத்தான். மழை நம்ம ஊர்ல பெய்யலைன்னாலும் குடகுலயும் வயநாட்டுலயும் பெஞ்ச தண்ணி காவேரியிலயும் கபினியிலயும் ஓடி மேட்டூருக்கு வந்து, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில நாம கும்பிடற தண்ணியா வந்து சேருது. அப்புறம் சூரியன் தெற்க இறங்க இறங்க வடக்கு நிலம் ஆறிப் போகுது, காத்து திசை திரும்பி வடகிழக்குல இருந்து வருது, வங்காள விரிகுடா மேல வர்றப்போ ஈரத்தை அள்ளிக்கிட்டு ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் கொட்டுது. தமிழ்நாட்டு மழையில ஏறக்குறைய பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்குமான அந்த மூணு மாசத்துல வர்றதுதான். ஒரு சாஞ்ச உருண்டையை ஒரு ரவுண்டு தள்ளுனா மேட்டூரும் டெல்டா நடவும் அதுக்குள்ள வந்து நிக்குது, இதை நான் எத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கே புல்லரிக்குது.

நமக்குப் பகல் நீளம் அவ்வளவா மாறாது, திருச்சியில ஜூன்ல சுமார் 12 மணி 45 நிமிஷம், டிசம்பர்ல 11 மணி 30 நிமிஷம், அவ்வளவுதான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துலயே இருக்கறதால வருஷம் பூராவுக்கும் சேர்த்தே பத்து நிமிஷம் கூட மாறாது. ஒரு பொண்ணோட சித்தப்பா டொரன்டோவுல இருக்காரு, அங்க டிசம்பர் கடைசியில பகல் 9 மணி நேரம் கூட கிடையாது, ஜூன்ல 15 மணி நேரத்துக்கு மேல. பகல் குறையறது மட்டும் காரணம் இல்ல, அங்க டிசம்பர் மதியம் கூட சூரியன் வானத்துல 23 டிகிரி உயரத்துலதான் நிக்கும், நம்ம ஊர்ல அன்னிக்கும் 56 டிகிரி. தாழ்வா வர்ற வெளிச்சம் தரையில பரவலா விழும், ஒரு இடத்துக்குக் கிடைக்குற சூடு கம்மி ஆயிடும். மொபைல் டார்ச்சை உருண்டை மேல நேரா அடிச்சுட்டு அப்புறம் மேல கனடா பக்கம் அடிச்சுப் பாருங்க, வெளிச்ச வட்டம் இழுத்துக்கிட்டு மங்கிப் போகும்.

சரி, மாடலோட குறைகள். முதல் குறை பெல்ட். ஏப்ரல் வெக்கையிலயே ரப்பர் தளர்ந்துடுச்சு, வழுக்க ஆரம்பிச்சுது, ஒரு ரவுண்டு முடியறப்போ காலண்டர் மாட்டுன சுவரைப் பார்க்க வேண்டிய வடதுருவம் வாசல் கதவைப் பார்த்துட்டு நிக்குது. மாடலோட உயிரே அந்த ஒரு திசைதான், அதை ஒரு பத்து ரூபாய் ரப்பரை நம்பி விட்டிருக்காங்கங்கறது எனக்கு ஏத்துக்க முடியல. வித்தவங்களுக்கு மெசேஜ் போட்டா ஸ்பேர் கிடையாதுனு ஒத்தை வரியில பதில். கடைசியில எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில பழைய டேப் ரிக்கார்டர் பெல்ட் அளவு பார்த்து வாங்கிப் போட்டேன், இப்போ நல்லா ஓடுது. பெல்ட்டுக்குப் பதிலா பல்சக்கரம் வச்ச மாடலும் இருக்கு, நடுவுல ஒரு இணைப்புச் சக்கரம் வச்சு ரெண்டு ஓரத்துலயும் ஒரே எண்ணிக்கை பல்லோட, விலை கூட இருந்தாலும் ஸ்கூலுக்கு வாங்கறவங்க அதையே வாங்குங்க, பசங்க கையில அதுதான் தாங்கும்.

ரெண்டாவது குறையைக் கவனிச்சுப் பார்த்தாத்தான் தெரியும், ஆனா கூர்மையான பிள்ளைங்க கண்டிப்பா கேக்கும். பல்ப் சின்னது, பூமிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. என் மாடல்ல உருண்டை 8 செ.மீ., பல்ப் 20 செ.மீ. தூரத்துல. இவ்வளவு கிட்ட இருந்து வெளிச்சம் அடிச்சா உருண்டையில சரிபாதிக்கு விழாது, பாதியை விடக் கம்மியாத்தான் விழும். அதனால மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்குல பகலும் இரவும் சமமா இருக்க வேண்டிய இடத்துல நிறுத்துனா ரெண்டு துருவமும் இருட்டுக்குள்ள போயிடுது, உண்மையில ரெண்டும் அன்னிக்கு வெளிச்சத்தோட விளிம்புல இருக்கணும். ஜூன்ல வடதுருவத்தைச் சுத்தி நடுராத்திரியிலயும் சூரியன் தெரியற பகுதியும் வட்டமா ரொம்பச் சுருங்கிப் போகுது. நிஜ சூரியன் பூமியை விட 109 மடங்கு அகலம், தூரமும் அதுக்கேத்த மாதிரி, 8 செ.மீ. உருண்டைக்கு சூரியன் கிட்டத்தட்ட 940 மீட்டர் தள்ளி, ஒரு மூணு மாடிக் கட்டடம் உயரத்துக்கு இருக்கணும், அதனால வெளிச்சம் இணையா வந்து பாதி உருண்டையை முழுசா நனைக்கும். இதுக்கு நான் பண்றது, பல்ப்பை அணைச்சுட்டு ரூமை இருட்டாக்கி ஒரு நல்ல டார்ச்சை ரூமோட அந்தக் கோடியில இருந்து அடிக்கறது. ஆர்ம் ஒவ்வொரு மாசமா நகரும்போது ஒரு பையன் டார்ச்சோட எப்பவும் பூமிக்கு எதிர்ப்பக்கத்துல இருக்குற மாதிரி நகரணும், அந்த வேலைக்கு அடிதடியே நடக்கும்.

நிலா பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, பிறை காட்டறதுக்குச் சரி, ஆனா நிலா போற தளமும் பூமி போற தளமும் ஒண்ணா இருக்கறதால மாசாமாசம் கிரகணம் வருது, நிஜத்துல அது 5 டிகிரி சாஞ்சிருக்கு. கம்பியைக் கொஞ்சம் வளைச்சு விட்டுக்கலாம்.

மாசத்தட்டுல மாசங்களைச் சமமா பிரிச்சிருக்காங்க. அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை வச்சு ஒரு நல்ல வேலை குடுக்கலாம். காலண்டரை எடுத்து மார்ச் 20ல இருந்து செப்டம்பர் 22 வரைக்கும் எத்தனை நாள்னு எண்ணச் சொல்லுங்க, 186 வரும். அங்க இருந்து மறுபடி மார்ச் 20 வரைக்கும் எண்ணுனா 179தான். தட்டுல ரெண்டும் சரிபாதி வட்டம், அப்புறம் ஏன் ஏழு நாள் குறையுது? கிட்ட இருக்கும்போது பூமி வேகமா ஓடுது, மார்கழி பக்கம் ஓட்டம் அதிகம். வானியலாளர் கெப்ளர் சொன்னதை ஒரு ஏழாம் கிளாஸ் பையன் சுவத்துல மாட்டுன காலண்டரை வச்சே எண்ணிக் கண்டுபிடிச்சுட்டான், அவன் முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

இன்னொண்ணும் கேப்பாங்க, தை 1 அன்னிக்குத்தானே உத்தராயணம், நீங்க என்ன டிசம்பர் 21லயே சூரியன் வடக்க திரும்பிடுதுன்னு சொல்றீங்கன்னு. பாட்டிங்க இருக்குற வீட்டுல இருந்து வர்ற பிள்ளைங்க நிச்சயம் கேக்கும். ரெண்டும் சொல்ற விஷயம் வேற வேற. நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரப் பின்னணியை வச்சுக் கணக்குப் போடுது, சூரியன் மகர ராசிக்குள்ள நுழையற நாள் தை 1. பூமியோட அச்சு ரொம்ப ரொம்ப மெதுவா திசை மாறி சுமார் 26,000 வருஷத்துக்கு ஒரு சுத்து வருது, அதனால ஒரு காலத்துல ஒண்ணா இருந்த அந்த ரெண்டு நாளும், சுமார் 1,700 வருஷத்துல இவ்வளவு விலகிடுச்சு. பெல்ட் வழுக்கி அச்சு கொஞ்சம் கொஞ்சமா திரும்புன அன்னிக்கு இதைச் சொல்லிக் குடுத்துட்டேன், கண்ணு முன்னாடியே நடந்துட்டு இருந்ததால சட்டுனு பிடிச்சுக்கிட்டாங்க.

சாய்வோட அளவே கூட நிலையா இருக்காது, 22.1க்கும் 24.5க்கும் நடுவுல சுமார் 41,000 வருஷத்துக்கு ஒரு தடவை போயிட்டு வரும், இப்போ குறைஞ்சுட்டு இருக்கு. பனியுகம் வந்து போனதுக்கு இந்த மாதிரி மாற்றங்கள் ஒரு முக்கியக் காரணம்னு செர்பியாக்காரர் மிலங்கோவிச் கணக்குப் போட்டுச் சொன்னாரு. பெரிய பிள்ளைங்களுக்கு மட்டும் சொல்றேன்.

மொத்தத்துல 5க்கு மூணரை குடுப்பேன், பல்சக்கர மாடலா இருந்தா நாலு. ஒண்ணு ரெண்டு பிள்ளைங்களுக்கு வீட்டுல சொல்லிக் குடுக்கறவங்க இதை வாங்கித்தான் ஆகணும்னு இல்ல, வீட்டுல சாதாரண குளோப் இருந்தாலே போதும், அதுலயும் அதே சாய்வு இருக்கு. நடுவுல ஸ்டூல் மேல ஷேட் இல்லாத பல்ப் வச்சு, குளோப்பைத் தூக்கிக்கிட்டு சுத்தி நடங்க, நடக்கும்போது குளோப் ஸ்டாண்டு எப்பவும் ஒரே சுவரைப் பார்த்த மாதிரி பிடிச்சுக்கணும், நீங்க திரும்புனாலும் அது திரும்பக் கூடாது. முதல்ல கை தானா திரும்பும், ரெண்டு ரவுண்டுல பழகிடும். பத்து இருபது பிள்ளைங்களுக்கு நடத்தறவங்களுக்கு மாடல் வேணும், எல்லாரும் கிட்ட வந்து தொட்டுத் தள்ளிப் பார்க்கணும்ல.

வாங்கறதுக்கு முன்னாடி வானம் எப்படி நகருதுனு பிள்ளைக்கு ஒரு தடவை காட்டணும்னா திருச்சிக்காரங்க அண்ணா அறிவியல் மையம் கோளரங்கத்துக்கும், சென்னைக்காரங்க கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. ஸ்கூலுக்கு பெருசா, இணை வெளிச்சம் அடிக்கிற மாதிரி லென்ஸ் வச்ச மாடல் வேணும்னா பொம்மைக் கடையில தேடாதீங்க, லேப் சாமான் விக்கறவங்ககிட்ட கேளுங்க, பெரும்பாலும் ஹரியானாவுல இருக்குற அம்பாலாவுல இருந்து வரவழைச்சுக் குடுப்பாங்க. அங்கயும் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஆர்மை ஒரு ரவுண்டு தள்ளி அந்தச் சுவர் டெஸ்ட்டைப் பண்ணிடுங்க, அப்படியே பெல்ட் மாடலா இருந்தா எக்ஸ்ட்ராவா ரெண்டு பெல்ட் சேர்த்து பில் போடச் சொல்லுங்க.